தூங்கியவனுக்கு சர்வீஸ் உண்டா?

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். காண்ட்ராக்ட் ஆளாகச் சுரங்கத்தில் இறங்கி, பெர்மனென்ட் ஆகி, ஃபோர்மேனாக வெளியே வந்தேன். யாரும் கூப்பிட்டுக் கொடுத்த பதவி இல்லை. ஒவ்வொன்றும் கேட்டு வாங்கியது. எங்கள் குடியிருப்பு பிளாக்கில் அப்படி ஏறியவன் இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள் பார்க்கலாம்.

அதனால்தான் என் மகள் எழுதிய விண்கப்பல் கதையைக் கேட்டதும் எனக்கு மண்டை சூடாகிவிட்டது. அவளுக்கு அது முதல் புத்தகம். சாயங்காலத்துக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். கடைசியாக ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

கப்பல் வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிறது. கேப்டனும் அதிகாரிகளும் பெட்டிக்குள் உறைந்து தூங்குகிறார்கள். அவர்களுக்கு வயது ஏறாது. இன்ஜினைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் மட்டும் விழித்திருக்கிறார். இருபது வயதில் ஏறியவர், போய்ச் சேரும்போது கிழவர். கேப்டன் இளைஞனாகவே எழுந்து உத்தரவு போடுகிறான். கிழவர் இன்னும் மெக்கானிக்.

“தூங்கிக்கினு வந்தவனுக்கு சர்வீஸ் எப்படிம்மா சேரும்? முழிச்சிக்கினு இருந்தவன்தானே சீனியர்?”

“அவன் படிச்சுட்டு வந்த கேப்டன்ப்பா.”

“படிப்பைப் பத்தி எங்கிட்ட பேசாத. அத்தினி வருசத்துல ஒரு புரமோஷன்கூடவா இல்ல?”

“குடுக்கறதுக்கு யாருப்பா முழிச்சிருந்தாங்க?”

இவள் இப்படி என்றால், சமையலறையிலிருந்து என் மனைவி வேறு. “இல்லாத கப்பலுக்கு யூனியன் வெச்சிக்கினு, அவளை அனுப்ப வுடாம பண்ணாதீங்க.”

நான் விடவில்லை. “கேப்டன் எழுந்ததும் உன் ஆளு என்ன செஞ்சாரு?”

“வணக்கம் சொன்னாரு.”

“சொல்லிட்டு நகந்துட்டாரா? நான் மேனேஜர் ரூம் வாசல்ல எப்படி நின்னேன் தெரியுமா? வழிய மறிச்சிக்கினு நிக்கச் சொல்லு அவரை.”

மகள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “சரி, நின்னு என்ன கேப்பாரு?”

“‘நீங்க தூங்கினப்போ இந்தக் கப்பலை ஓட்டினது யாரு?’ன்னு கேக்கட்டும்.”

அப்படியே டைப் செய்தாள். அதற்குக் கேப்டனின் பதிலை அவளாகவே சேர்த்துப் படித்தாள்: “நீங்கள் யார்?”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “கூட வந்தவனைத் தெரியலையா அவனுக்கு?”

“அவன் கண்ண மூடினப்போ இவருக்கு இருபது வயசுப்பா. எப்படித் தெரியும்?”

புரமோஷன் எழுதவே மாட்டேன் என்றுவிட்டாள். அப்படியே அனுப்பினாள், புத்தகமும் வந்துவிட்டது. படித்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் புகழ்கிறார்களாம். புகழாமல் என்ன, கேள்வி என்னுடையது! ஆனால் ஒருத்தராவது அந்த மனிதருக்கு ஏன் பதவி வரவில்லை என்று அவளைக் கேட்டாரா? கிடையாது.