தட்டைப் பிரித்தார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள்

அமைச்சகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது இருமல் வந்தது. டில்லிக் குளிர் என்று சொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் இருமிக்கொண்டுதான் இருந்தேன். அன்று கைக்குட்டையில் ரத்தம். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மீதிப் பக்கத்தை அடித்து முடித்தேன். பயத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்களுக்குப் பூர்வீகம் கும்பகோணம். டம்ளரை உதட்டில் வைக்காமல் தூக்கிக் குடிக்கும் குடும்பம். எச்சில் பட்டால் உடனே கை அலம்பும் வீட்டுக்குள் காசநோய் எப்படி வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம், நான் உட்பட. அது வேறு யாருக்கோ வருகிற நோய். கபப் பரிசோதனையில் (இருமித் துப்பும் சளியில் கிருமி உண்டா என்று பார்ப்பது) கிருமி இருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளைத் திட்டு.

மார்பு நோய் கிளினிக்கில் எனக்கு வைத்தியம் பார்த்தவர் ஒரு பஞ்சாபி டாக்டரம்மா. இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தனியே வைத்திருக்கும் மருத்துவமனை) சேர்க்க வேண்டுமா என்று என் கணவர் கேட்டார்.

"அதெல்லாம் பழைய காலம். வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உங்கள் மெட்ராஸில்தான் நிரூபித்தார்கள். உங்களுக்கே தெரியாதா?" என்று ஹிந்தியில் மடக்கினார்.

ஊசியோடு ரிஃபாம்பிசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் புது மருந்து) எழுதிக் கொடுத்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே. இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்தாதே என்றார். இதைப் படிக்கிற நீங்களும் நிறுத்தாதீர்கள்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எனக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வந்தன. நாலு வயது மகள் உமா அப்பாவோடு அடுத்த அறையில் படுத்தாள். அதற்கு நானே சம்மதித்தேன். ஆனால் குளிருக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்திருந்தோம். டாக்டரம்மா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கிருமி தட்டில் இல்லை. நீ இருமுகிற காற்றில் இருக்கிறது. முதலில் ஜன்னலைத் திற."

அன்றைக்கே திறந்தேன். ஜனவரிக் குளிர் உள்ளே வந்தது. கணவர் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முறைத்தார். முறைக்கட்டும். தனித் தட்டை மற்ற பாத்திரங்களோடு சேர்த்துத் தேய்த்துக் கவிழ்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்திலிருந்து நாத்தனார் வந்தார். உமாவை அழைத்துப்போவதற்காக, டிக்கெட்டே எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஒடம்பு தேறினப்பறம் நானே கொண்டு வந்து விடறேன். கொழந்தைக்கு ஒட்டிண்டா என்னடி பண்ணுவே?"

அவர் கெட்டவர் இல்லை, குழந்தைமேல் உயிரையே வைத்திருந்தார். அதனாலேயே சரி என்று தலையாட்டினேன்.

உமாவுக்கும் பரிசோதனை நடந்தது. கையில் ஊசி போட்டு, சில நாள் கழித்துத் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடித்திருந்தது. கிருமி உள்ளே போயிருக்கிறது, இன்னும் நோயாகவில்லை. ஆகாமல் இருக்க மாதக்கணக்கில் தினமும் மாத்திரை தர வேண்டும் என்றார் டாக்டரம்மா. என்னிடமிருந்துதான் போயிருக்கும். குளியலறையில் போய் அழுதேன். கண்ணீர்கூட முந்தானையில் ஆரஞ்சாகப் பட்டது.

ஊருக்குக் கிளம்பும் நாளில், உமாவின் துணிப்பெட்டியோடு மாத்திரையையும் நாத்தனாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அதெல்லாம் அங்க வேண்டாம். எங்காத்துல நாலு பேர் வந்து போறா. என்ன மாத்திரைன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? என் பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கோம். நல்ல காத்து, நல்ல பால். தன்னால சரியாப் போயிடும்."

"தன்னால போகாது அக்கா."

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்போ கொழந்தை வரமாட்டா."

கத்தவில்லை. பெட்டியைத் திறந்து உமாவின் கவுன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அக்காவை எதிர்த்து என் கணவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பெட்டியருகே வந்து நின்றார்.

"அக்கா, இவ சொல்றதுதான் சரி. கொழந்தை டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்" என்றார்.

நாத்தனார் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ரயிலேறினார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் மழுப்பவில்லை. கீழ் வீட்டு மாமி என்ன உடம்புக்கு என்று கேட்டார். டி.பி. என்றேன். சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். காப்பிப்பொடி மிச்சம். நோயை மறைக்கத் தொடங்கினால் மருந்தையும் மறைக்க வேண்டி வரும். இதே நோயோடு எங்கோ உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

கோடை முற்றுவதற்குள் என் சளியில் கிருமி இல்லை. அதற்கப்புறமும் மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கி முடித்தேன். உமாவும் முடித்தாள். அவளுக்கு நோய் வரவேயில்லை.

முன்பு எனக்கு நுரையீரல் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது அதில் ஒரு வடு. வேகமாக நடந்தால் மூச்சு முட்டுகிறது. எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் பழக்கமும் போய்விட்டது.

போன வாரம் பள்ளியிலிருந்து உமாவை அழைத்து வந்தேன். தூங்கி வழிந்தாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். வளர்ந்துவிட்டாள், கனத்தாள். பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் விழித்துக்கொண்டு, பள்ளியில் பழகிய ஹிந்தி கலந்து சொன்னாள். "அச்சா அம்மா, கீழே விடு. நானே நடக்கறேன்."

"மாட்டேன் போடி" என்று அடுத்த படியில் கால் வைத்தேன்.