கிருபாவதியின் கடைசிக் குட்டை

கருமத்தம்பட்டித் தறிக்குடோனில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததில் கிருபாவதிக்குப் பாதிக் காதுதான் மிச்சம். மீதியைத் தறிச்சத்தம் தின்றுவிட்டது. அப்படிப்பட்டவளைப் போய்ப் பறவை பார்க்கக் கூட்டிப் போனார் அருள்குமார். கோயம்புத்தூரில் ஏதோ கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், பங்குக் கோயில் பூசைக்கு வந்துபோனதில் பழக்கம். குழுவில் இருந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு மரத்தைப் பார்க்க, ஒன்றும் கேட்காத இவள் குனிந்து குளத்தைப் பார்த்தாள். கோரைத்தண்டில் நீலமாய் ஓர் ஊசித்தட்டான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

மாதத்தில் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும். தறி ஓடாத அந்த நாளில் மற்ற பெண்கள் துணி துவைப்பார்கள், இவள் பஸ் ஏறிவிடுவாள். தட்டான் பார்க்க நல்ல இடம் எது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெயில் படணும், கரையில் கோரை நிற்கணும், சாயத்தண்ணி கலந்திருக்கக் கூடாது. சுலபம்போலத் தோன்றும். ஒன்பது வருடம் தேடி நாலே இடம்தான் அகப்பட்டது. அதிலும் ஒன்றில் இடித்த கட்டடக் குப்பையைக் கொட்டினார்கள். ஒன்றை மூடிச் சைட் போட்டு விற்றுவிட்டார்கள். சாயம் இறங்கிய மூன்றாவதில் கொசுகூட இல்லை.

மிஞ்சியது அவிநாசி தாண்டி, பாலுசாமி என்ற பெரியவருடைய தோட்டத்துக் குட்டை. இடுப்பளவு கோரை. அதற்குள் செம்மஞ்சள் உடம்போடு ஓர் ஊசித்தட்டான் வகை. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அவள் அதைப் பார்த்ததில்லை. கோரைத்தண்டைக் கிழித்து முட்டை வைக்கும், குஞ்சு மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். கோரை போனால் எல்லாம் போச்சு.

செல்போனில் அவள் எடுத்த படத்தைப் பார்த்த அருள்குமார், பன்னிரண்டு பேரோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். கிருபாவதிக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவர்களுக்குக் காட்ட அவளிடமும் ஒன்று இருக்கிறதே! உடனே பாலுசாமியிடம் ஓடினாள்.

"ஏனுங்க ஐயா, கோயம்புத்தூர்ல இருந்து வாத்தியாருங்க எல்லாம் வாராங்க. உங்க குட்டையப் பாக்கோணுமாம்."

"அட, நம்மூட்டுக் குட்டையவா? தாராளமா வரச் சொல்லு அம்மணி!" என்றார் பெரியவர், முகமெல்லாம் பல்லாக.

தட்டான் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றும் சொன்னாள். கோரையைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. யார்தான் அதைத் தொடப்போகிறார்கள் என்ற நினைப்பு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாத வாயை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை வேனை விட்டு இறங்கியதும் பந்தல் தெரிந்தது. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சீவி வைத்த இளநீர், இலை போட்டுச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது வாசலைப் புதராகப் போட்டு வைக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. இரண்டு நாள் பொக்லைன் வைத்து, ஒரு கோரை விடாமல் வேரோடு வழித்து, சேற்றை அள்ளி வரப்புக்கு அப்பால் கொட்டி, கரையைச் சாய்த்துச் செம்மண் பூசியிருந்தார்கள். நடுவில் கலங்கிய தண்ணீர் கிடந்தது. அதன்மேல் எதுவும் பறக்கவில்லை.

அருள்குமார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கிருபாவதிக்கு யாரையாவது திட்டித் தீர்க்க வேண்டும்போல இருந்தது. யாரைத் திட்டுவது? வெள்ளை வேட்டியில், வேர்வை வழிய, ஒவ்வொருவர் கையிலும் இளநீரைக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதரையா?

அவளுக்கும் ஒன்றை நீட்டினார். "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க ஐயா."

பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உள்ளார ஒரே புதரா கெடந்துச்சு. நீ சொன்னதுனாலதான் செஞ்சுபோட்டேன். இனி வருசா வருசம் இப்படியே வழிச்சுப் போட்டர்றேன். நீ எப்ப வேணாலும் ஆளுங்களக் கூட்டிட்டு வா."

கிருபாவதி சரி என்று தலையாட்டினாள்.