வேப்பமரத்தடியில் ஏழு கதிரைகள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. முழங்கால் தேய்ந்துவிட்டது. வீட்டிலிருந்து மீன் சந்தைக்கு ஒரே மூச்சில் நடக்க முடியாது. பாதி வழியில், துறைமுக மதிலோரம் வேப்பமரத்தின் கீழே உட்கார ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. அதில் பத்து நிமிடம் இருந்து, வருகிறவர் போகிறவரோடு கதைத்துவிட்டு எழும்பினால் மிச்சத் தூரம் தெரியாது.

கணவர் போனபிறகு மகள் என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போனாள். எட்டாம் மாடி, குளிரூட்டி, பளபளக்கிற தரை. கதைக்க மட்டும் ஆளில்லை. மூன்றாம் மாதம், "நான் போறன் பிள்ளை" என்று ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வந்து பார்த்தால் வாங்கைக் காணவில்லை. நடைபாதையை அழகுபடுத்துகிறார்களாம், அந்த இடத்தில் பூச்சாடிகள். மூதூருக்கு ஆளேற்றும் லோஞ்ச் படகை ஓட்டி ஓய்வுபெற்றவர், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர், தினமும் அந்த வாங்கில் என்னோடு இருந்து கதைப்பவர், இப்போது வீட்டோடு முடங்கியிருந்தார்.

"நம்மட காலம் முடிஞ்சு போச்சு தங்கச்சி" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த நாள் காலை வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் நாலு இடத்தில் அதைப் போட்டு இருந்து இளைப்பாறி, மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தேன். நடைபாதை வேலையின் மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"அம்மா, இதில கதிரை போடக்கூடாது."

"வாங்கைத் திருப்பிப் போடுங்கோ. நான் எடுக்கிறன்."

"அது என்ட பொறுப்பில்லை."

"அப்ப நான் இருக்கிறன்."

மூன்றாம் நாள் நானா சைக்கிளில் ஒரு கதிரையைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். "நாப்பது வருஷம் நின்டு லோஞ்ச் ஓட்டின நான். இனி இருக்கத்தான் போறன்" என்றார். அந்தக் கிழமை முடிவதற்குள் ஏழு கதிரைகள் ஆகிவிட்டன. எல்லாம் எங்கள் வயதுக்காரர்களுடையவை.

மேற்பார்வையாளர் லொறியோடு வந்தார். யாரும் எழும்பவில்லை.

"ஏத்துறதெண்டால் எங்களோட சேர்த்து ஏத்துங்கோ" என்றேன். தொழிலாளர்கள் சிரித்துவிட்டார்கள். லொறி வெறுமையாகத் திரும்பியது.

இப்போது கதிரைகளை நானாவின் பழைய கயிற்றால் மரத்தோடு கட்டி வைக்கிறோம். நான் சந்தைக்குப் போய் மீனை என் கண்ணால் பார்த்து வாங்குகிறேன். நானா பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் இருந்துவிட்டுப் போகிறார். வாங்கு இன்னும் வரவில்லை. அதைக் கேட்டு நகரசபைக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நான்காவதை நேற்று மரத்தடியில் இருந்தே எழுதி, ஏழு பேரும் கையெழுத்து வைத்தோம்.