பழியைத் தெலுங்கின் மேல் போட்டேன்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் நானும் கணவரும் பவர்லூம் ஓட்டுகிறோம். மகள் சுமதி தெலுங்கு மீடியத்தில் எழுத்துக் கூட்டவே திணறினாள். வீட்டிலோ நான் சொல்லித்தரும் தமிழ்ப் பாடத்தை மளமளவென்று படித்துக் காட்டுவாள். 'நம்ம பாஷை இல்லை, அதுதான்' என்று நானே முடிவுகட்டி, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினேன். அங்கும் எழுத்துக் கூட்டத் திணறுகிறாள் என்று ஆசிரியர்களின் புகார்.

போன மாதம் திருச்சானூர் கோயிலுக்குப் போனோம். உறவினர்கள் முன்னால் பெருமையடிக்க, ஒரு தமிழ் போர்டைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். அவள் வாயே திறக்கவில்லை.

"நடிச்சிக்கினு இருக்கியா?" என்று எல்லோரும் பார்க்க அறைந்துவிட்டேன்.

கூட இருந்த நாத்தனார் பொறுக்காமல் எங்களைத் திருப்பதியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனார். அவர் சுமதியைச் சோதித்துவிட்டு, "இது டிஸ்லெக்ஸியா, படிக்கிறதுல வர்ற ஒரு சிரமம். ஒருத்தர்க்கு ஒரு மாதிரி இருக்கும். சில பிள்ளைங்க சரியா படிப்பாங்க, ஆனா ரொம்ப மெதுவா. சிலர் படிச்சிடுவாங்க, பிழையில்லாம எழுத வராது. இவளுக்கு எழுத்தும் சத்தமும் சேரமாட்டேங்குது. பாஷையை மாத்தினா போயிடாது" என்றார்.

"வீட்ல படிச்சாளே?" என்றேன்.

சுமதி தலைகுனிந்தபடி சொன்னாள்: "நீ ஒரு வாட்டி படிச்சிக் காட்டுவ இல்ல, அதையே மனசுல வெச்சிக்கினு சொல்லுவேம்மா."

அடித்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போது மருத்துவர் சொன்ன வாசிப்புப் பயிற்சிக்கு அழைத்துப்போகிறேன். வெளியே போனால் போர்டுகளை எனக்கே சொல்லிக்கொள்வதுபோல் நானே சத்தமாகப் படிக்கிறேன். நேற்று ஷேர் ஆட்டோவில் அப்படிப் படித்துக்கொண்டு வந்தபோது, சுமதி என் முழங்கையைப் பிடித்தாள்.

"மெதுவா படிம்மா. நானும் பாத்துக்கினே வரேன்."

– ஒரு வாசகி, நகரி