வெள்ளை விரிப்புகளும் கத்தரிப்பூச் சேலையும்

இப்படியான விஷயங்களை எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் வீட்டுவேலை செய்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கமாட்டேன். நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று அந்தத் தெருவில் நடந்ததை இரண்டு பாஷையிலும் கேட்டவள் நான் ஒருத்திதான்.

நான் வேலை செய்யும் வீட்டம்மாவை இங்கே சின்யோரா என்போம். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். கபோ சந்தைக்குப் பின்னால் வீடு. சமாதானத்துக்காக உழைக்கும் ஒரு பெண்கள் குழுவில் நெடுங்காலமாக இருக்கிறார். அந்தக் குழு எங்கள் நாட்டிலிருந்து இரண்டு தாய்மாரைக் கூட்டத்தில் பேச அழைத்திருந்தது. ஒருவர் முல்லைத்தீவுப் பக்கத்து அக்கா. போரின் கடைசியில், இயக்கத்தில் இருந்த அவருடைய மகன் காணாமல் போனான். மற்றவர் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண். அவருடைய மகன் இராணுவத்தில் இருந்தவன். அவனும் வன்னியில்தான் காணாமல் போனான். இருவரும் அங்கே ஒரே குழுவில், பிள்ளைகள் எங்கே என்று கேட்டு அவர்களின் படங்களோடு தெருவோரத்தில் இருப்பவர்கள்.

இவர்கள் எப்படி ஒன்றாக வருவார்கள் என்று நினைத்தபடிதான் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் காத்திருந்தேன். இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அக்கா அவரை 'நங்கி' என்றார். சிங்களத்தில் தங்கச்சி. தேங்காயெண்ணெய்ப் போத்தலின் மூடியை யார் இறுக்காமல் விட்டது என்று வழி முழுக்கத் தமிழிலேயே சண்டை.

சின்யோரா தெருப் பெண்களிடம் சொல்லி, வரவேற்பாகப் பால்கனிகளில் வெள்ளைக் கட்டில்விரிப்புகளைத் தொங்கவிடச் செய்திருந்தார். சிலதை நானே அயன் பண்ணிக் கொடுத்தேன். தெருவுக்குள் திரும்பும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா நின்றுவிட்டார்.

"ஆரின்ரை செத்தவீடு, பிள்ளை?"

நங்கியும் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் பக்கத்திலும் சாவுக்கு வெள்ளைதான் கட்டுவார்கள். செத்தவீடு இல்லை, உங்களுக்காகக் கட்டியது என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது என்ன பேச்சென்று எனக்கு விளங்கிவிட்டது.

"என்ரை பிள்ளை செத்ததெண்டு இவையளுக்கு ஆர் சொன்னது?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று எத்தனையோ அதிகாரிகள் சொல்லியும் வாங்காதவர் அவர். வாங்கினால் தேடுவது முடிந்துவிடும். அந்த வெள்ளைக்குக் கீழே நடப்பதும் அதை வாங்குவதும் அவருக்கு ஒன்றுதான். "நான் திரும்பிப் போறன்" என்று பெட்டியைப் பிடித்தார்.

நங்கி பெட்டியின் மேல் ஏறி இருந்துவிட்டார். "பெட்டி ஒண்டுதானே அக்கா. நீங்க போனா நான் என்ன உடுக்கிறது?"

"நிக்கிற உடுப்போடை நில்" என்றார் அக்கா. ஆனாலும் பிடியை விட்டார்.

அந்த நேரம் சின்யோரா இரண்டு கைகளையும் விரித்தபடி வந்தார். 'சி, சின்யோரா', அதாவது 'ஓம் அம்மா' என்பதற்கு மேல் அவரிடம் நான் அதிகம் பேசியதில்லை. அன்று பழக்கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் எல்லாம் சொன்னேன். எங்கள் ஊரில் இது சாவுக்குக் கட்டுவது, இந்தத் தாய் சாவை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

சின்யோரா விளக்கம் சொல்ல நிற்கவில்லை. நிமிர்ந்து முதல் பால்கனியில் நின்றவளிடம் அந்த ஊர்ப் பேச்சான சிசிலியனில் ஏதோ சொன்னார். அது அடுத்த பால்கனிக்குப் போனது. ஒவ்வொரு விரிப்பாக உள்ளே போனது. ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

கடைசி விரிப்பும் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "உவை ஏன் வெள்ளை கட்டினவை எண்டு கேள்."

சின்யோரா சொன்னதைத் தமிழில் சொன்னேன். இந்த நகரத்தில் மாஃபியாக்காரர் ஆட்களைக் கொன்ற காலத்தில் எல்லோரும் யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார்களாம். பிறகு பெண்கள், இனிப் பேசாமல் இருக்கமாட்டோம் என்று விரிப்புகளை வெளியே தொங்கவிட்டார்களாம். எல்லா வீட்டிலும் இருந்தது வெள்ளை விரிப்புதான். சின்யோராவின் தம்பியும் கொல்லப்பட்டவர். அந்த வீட்டு நடையில் இருக்கும் இளைஞனின் படத்தை எத்தனையோ தரம் துடைத்திருக்கிறேன். யார் என்று கேட்டதில்லை.

அக்கா நிமிர்ந்து வெறும் பால்கனிகளைப் பார்த்தார்.

"அப்ப அவ தன்ரை தம்பிக்கு வெள்ளை கட்டட்டும். அது சரி. என்ரை பிள்ளைக்கு நிறம் வேணும்."

நங்கியை எழுப்பிவிட்டு, நடுத்தெருவில் பெட்டியைத் திறந்தார். கூட்டத்துக்கு உடுக்க வைத்திருந்த கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்தார். நங்கியும் தன் மஞ்சள் சேலையை எடுத்துக் கொடுத்தார்.

"இப்ப ரெண்டு பேருக்கும் உடுப்பில்லை" என்றார் அக்கா. நங்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சின்யோராவின் பால்கனியில் மறுபடியும் ஒரு வெள்ளை விரிப்பும் அதன் இரண்டு பக்கமும் இரண்டு சேலைகளும் தொங்கின. எதிர்வீட்டுப் பெண் பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். ஒரே சண்டையில் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளின் தாய்மார் அதற்குக் கீழே கையைப் பிடித்தபடி உள்ளே போனார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். இப்படியும் மனிதர் இருக்க முடியுமா என்று அன்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன். கூட்டத்தில் இருவரும் பயண உடுப்போடுதான் பேசினார்கள்.

மறுநாள் காலையில் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். மத்தியானம் அவர்கள் ரயில் ஏறினார்கள். நான் திரும்பி வந்து அந்த வெள்ளை விரிப்பைத் தோய்த்து அதே பால்கனியில் காயப்போட்டேன்.