ஜூனியரிடம் போன எலும்பு செட்

அனாட்டமி படிக்க வைத்திருந்த எலும்பு செட்டை, முதலாண்டு முடிந்ததும் ஜூனியருக்குக் கொடுப்பது எங்கள் மருத்துவக் கல்லூரி வழக்கம். மறுதேர்வு முடிவு வருவதற்குள், எப்படியும் பாஸ்தான் என்று நான் ஒரு ஜூனியர் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

"உங்க ராசி எனக்கும் வரட்டும்க்கா" என்று வாங்கிக்கொண்டாள்.

மறுபடியும் ஃபெயில். இனி முதலாண்டில் அவள் பக்கத்தில்தான் எனக்கும் இடம்.

இன்று பூந்தமல்லி பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். எலும்புகளைத் திரும்பக் கேட்க வாய் வரவில்லை.

அவளே சொன்னாள்: "நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்க்கா. சேர்ந்தே படிக்கலாம்."

மாங்காடு தாண்டியும் எனக்கு அழுகை நிற்கவில்லை. கண்டக்டர், "இன்னாம்மா, அழுதுகினு வர்ற?" என்றார்.

"கண்ணுல தூசிண்ணா" என்று அவள் முந்திக்கொண்டாள்.

நல்ல டாக்டராக வருவாள். எனக்கு முன்பே வந்துவிடுவாள் என்றுதான் தோன்றுகிறது.