காலைப் பட்டினியும் ஒரு சொம்புத் தண்ணீரும்

சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து நான் காலையில் சாப்பிடுவதில்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கை கழுவினால் மறுநாள் பகல் பன்னிரண்டுக்குத்தான் அடுத்த வாய். நடுவில் தண்ணீர் மட்டும். வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, கையில் சீரகத் தண்ணீர் பாட்டில் இருக்கும்.

உண்மையைச் சொன்னால், பட்டினி கிடப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த வாய், சும்மா இருக்குமா? அகப்பட்டவரை எல்லாம் உட்கார வைத்து ஆரம்பித்துவிடுவேன். சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், அதை அடக்க இன்சுலின் சுரக்கும். அது சர்க்கரையைக் கல்லீரலில் கொஞ்சம் சேர்த்து வைக்கும், மிச்சத்தைக் கொழுப்பாக்கும். நாம்தான் காலையிலிருந்து ராத்திரிவரை எதையாவது மென்றுகொண்டே இருக்கிறோமே, அந்தக் கொழுப்பைக் கரைக்க உடம்புக்கு நேரம் ஏது? பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வாயைக் கட்டினால் கல்லீரல் கையிருப்பு குறையும், உடம்பு கொழுப்பில் கைவைக்கும். இதுதான் கதை. மொத்தத்தில் சாப்பாடு குறைவதால்தான் பாதிப் பலன், இதை மந்திரம் மாதிரி நினைக்காதீர்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது என்றெல்லாம் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சுவாரஸ்யம் குறைந்துவிடும் இல்லையா!

ஒரே ஒரு தடவை விரதத்தை முறித்தேன். மளிகைக் கடை முதலாளி வீட்டுக் கிரகப்பிரவேசம். பெரிய இடம், மாட்டேன் என்றால் நன்றாக இருக்காது என்று காலையிலேயே கேசரியும் பொங்கலும் சாப்பிட்டேன். ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாவும் சிரித்தார்.

அப்போதுதான் என் மகன் வீட்டில் விஷயத்தைச் சொன்னான். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்கிற பெண்ணையே கட்டிக்கொள்கிறானாம். காட்டேரிக்குப்பம், காலனியில் வீடு. அப்பா இல்லை, அம்மா களையெடுக்கவும் நடவுக்கும் போய் வளர்த்த பெண். ஊர்த்தெருவில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் குதித்தார்கள். நான்தான், “எனக்கு அந்த மாதிரி பேதமெல்லாம் கெடையாது. பொண்ணு நல்ல பொண்ணு, போதும்” என்று எல்லார் வாயையும் அடைத்தேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் வீட்டுக்காரரும் மகனும் பெண் கேட்கப் போனோம். அந்த அம்மா விடியலிலேயே எழுந்து இட்லி, வடை, கறிக்குழம்பு எல்லாம் செய்து வைத்திருந்தார். பெண் கேட்கப் போன இடத்தில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம், நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? என் வீட்டுக்காரர் இலையில் உட்கார்ந்துவிட்டார். நான் கையை ஆட்டினேன்.

“எனக்கு வேணாங்க. பன்னெண்டு மணிக்கு மேலதான் சாப்புடுவேன்.”

“தண்ணியாச்சும் குடிங்கம்மா” என்று அந்த அம்மா சொம்பை நீட்டினார்.

“இருக்குங்க” என்று என் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, திறந்து குடித்தேன். அதோடு விட்டேனா? அவர் சொம்பும் கையுமாக நிற்க, நான் இன்சுலின் பாடம் நடத்தினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பன்னிரண்டு அடிப்பதற்குள் கிளம்பி வந்துவிட்டோம்.

அடுத்த சில நாள் மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னடா என்று அதட்டினேன்.

“கல்யாணம் வேணாங்குறாம்மா. போன எடுக்க மாட்டேங்குறா. கம்பெனியில கேட்டா, உங்கம்மா எங்க வூட்ல தண்ணிகூட குடிக்கலன்னு அழுவுறா.”

“டேய், நான் விரதம்டா! அவங்க அம்மாகிட்ட எவ்ளோ வெளக்கமா சொன்னேன்!”

“இட்லிய வுடு. தண்ணி இன்னா பண்ணுச்சு? தண்ணியில இன்சுலின் ஏறுமா? எவ்ளோ வேணா குடிக்கலாம்னு நீதானே பாடம் எடுத்த? கடக்காரர் வூட்டு கேசரி மட்டும் உள்ள போச்சே, அது எப்படி?”

அந்தச் சொம்பைப் பார்த்ததும் என் கை ஏன் அவ்வளவு வேகமாகப் பாட்டிலுக்குப் போனது? யோசித்துச் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். யோசிக்காமலேயே போயிற்று என்பதுதான் கேவலம். களையெடுக்க வருகிறவர்களுக்கு என் அம்மா சொம்பு படாமல் கையில் தூக்கித்தான் தண்ணீர் ஊற்றுவாள்; அவர்கள் வீட்டில் அவள் ஒரு வாய் குடித்து நான் பார்த்ததில்லை. பேதமே கிடையாது என்று ஊரெல்லாம் சொன்ன என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் பாட்டில் எடுக்காமல் பஸ் ஏறினேன். அந்த அம்மா வாங்க வாங்க என்று நாற்காலி போட்டார். பெண் உள்ளே நின்றுகொண்டாள்.

“நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலம்மா. உங்களுக்கு ஒடம்பு, டயத்துக்குத்தான் சாப்புடணும். அவகிட்டயும் அதத்தான் சொன்னேன்” என்றார்.

அப்பாடா என்றிருந்தது. “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றேன்.

அவர் வீட்டுக்குள் போகவில்லை. வெளியே போனார். முனைக்கடையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்து, முந்தானையால் துடைத்து என் முன்னால் வைத்தார். “சீல் பிரிக்காததும்மா” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “இது வேணாம் அண்ணி. உங்க கொடத்துத் தண்ணி குடுங்க” என்றேன். அவர் தயங்கித் தயங்கிச் சொம்பைக் கொண்டு வந்தார். வாய் வைத்தே குடித்தேன். அம்மாவும் பெண்ணும் தண்ணீர் என் தொண்டையில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாப்புட எதுனா இருக்கா?” என்று கேட்டேன்.

பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “மணி இன்னும் பன்னெண்டு ஆவலயே?” அவள் சிரிக்கவில்லை.

“ஆவலதாம்மா. போடு” என்றேன்.

கல்யாணம் தை மாதம் என்று முடிவாகிவிட்டது. பத்திரிகை, புடவை என்று அடிக்கடி அங்கே போகிறேன். எந்நேரம் போனாலும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் இப்போதும் நான் வாசலில் நுழைந்ததும் அந்த அம்மா முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, என் கையைத்தான்.